மீன் தட்டில் மோர்

ஓவனில் வேகவைத்த கொடுவா மீன்மேல் பாலேடும் கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் கலந்த வெள்ளைக் குழம்பை ஊற்றி, மருமகள் என் முன்னால் வைத்தாள். எனக்குக் கை நீளவில்லை.

எழுபதுகளின் தொடக்கம், நான் ஆறாம் வகுப்பு. புதுவாயல் வீட்டில் அன்று கொடுவாக் குழம்பு. அக்கா அதே தட்டில் மோர்ச்சோறு கேட்டாள். நான்தான் மோர் ஊற்றினேன். மீனோடு மோர் சேர்ந்தால் தோலில் வெள்ளை விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சில மாதங்களில் அக்காவின் உதட்டோரம் வெள்ளை விழுந்தது. பெரியபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"மீன் துன்ன தட்டுல மோர் ஊத்தனது யாருடி?" என்று அம்மா எங்கள் இருவரையும் கேட்டாள்.

நான் தலை குனிந்து நின்றேன்.

"நானேதாம்மா ஊத்திக்கினேன். இன்னா இப்போ?" என்றாள் அக்கா.

அதன்பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. அம்மா சாகும்வரை அக்காவைத்தான் திட்டினாள். மோருக்கும் அந்த வெள்ளைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு தோல் மருத்துவர் என்னிடம் சொன்னபோது, அக்கா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"சாப்டுங்க அத்தை, ஆறிப்போவுது," என்றாள் மருமகள்.

பசியில்லை என்று மட்டும் சொன்னேன்.