பாறையில் காய்ந்த பத்தாம் வகுப்பு

புயல் மழையில் ஏரி உடைந்து தெருவுக்குள் புகுந்தபோது நான் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில்தான் முகாம். எங்கள் வகுப்பறையிலேயே சாப்பிட்டோம், படுத்தோம், சண்டை போட்டோம். பாடம் மட்டும் நடக்கவில்லை. தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனால், புத்தகப் பையும் நெல் மூட்டைகளும் ஒன்றாக ஊறிக் கிடந்தன. புதுப் புத்தகம் வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கேள்வி கேட்காமல் இருக்க எனக்கு வராது. அது என் வியாதி.

அம்மா முடிவே செய்துவிட்டாள். நெல்லைக் காயவைத்தால் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம், புத்தகம் போனது போனதுதான், பக்கத்து வீட்டு அக்கா வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் இவளையும் ஏற்றிவிடலாம் என்றாள். நைனா என் புத்தகப் பையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெயில் அடித்தது. அதற்கடுத்த நாள் மறுபடி மழையாம். தெருவெல்லாம் சேறு என்பதால் கோட்டை மலை அடிவாரப் பாறையில் ஊரே இடம் பிடித்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு கட்டில் அகலம். நைனா விடிந்ததும் என் புத்தகப் பையோடு கிளம்பிவிட்டார். பின்னாலேயே போன நான் திகைத்து நின்றேன். எல்லாப் புத்தகத்தையும் கட்டுப் பிரித்து, தாள் தாளாகப் பரப்பி, கல் வைத்து, நெல்லைக் கிளறுகிற மாதிரி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நெல்லுக்கு முன்பின் கிடையாது. அறிவியலுக்கு உண்டே!

மொத்தமாக வைத்தால் நடுவில் ஈரம் நிற்கும் என்று எனக்கே விளக்கம் வேறு. கோட்டைக் குரங்கு ஒன்று கணக்குத் தாளைத் தூக்கிப் பார்த்து, பிடிக்காமல் போட்டுவிட்டுப் போனது.

மூலைகள் கிழிந்து பாதிப் பக்க எண்கள் போயிருந்தன. கோபத்தோடு அங்கேயே உட்கார்ந்து அடுக்கினேன். ஒரு வாக்கியம் பாதியில் நிற்கும். மீதியைத் தேட எல்லாத் தாளையும் படிக்க வேண்டும். போகப் போக எனக்கு ருசி தட்டிவிட்டது. புயல் எப்படி உருவாகிறது என்று ஒரு தாள் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. எங்களை முழுக்காட்டியது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விடுவேனா? மீதித் தாள் வெயில் சாயும்போதுதான் அகப்பட்டது. நிமிர்ந்தபோது சுற்றிலும் எல்லாரும் நெல்லை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நைனா, நம்ம நெல்ல ஏன் எடுத்தாரல?"

"எடம் இவ்ளோதானம்மா இருக்குது," என்றார், கடைசித் தாளைத் திருப்பியபடி.

வீட்டில் மூட்டைக்குள் நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், வாய்விட்டு அழுதாள். கம்பெனி வேன் பேச்சை மட்டும் அப்புறம் எடுக்கவே இல்லை.

நான் அடுக்கிக் கொடுத்த தாள்களை நைனா கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்தார். மூட்டை தைக்கிற ஊசி அது. அந்த வருஷம் அதற்கு வேறு வேலை இல்லை.