துவக்குக்கு வைத்த பொட்டு

கடலோரச் சதுப்பில் வாத்து வேட்டைக்குப் போய் வந்தால் நான் முதலில் குளிப்பாட்டுவது என்னையல்ல, துப்பாக்கியைத்தான். எங்கள் பேச்சில் அது துவக்கு. சப்பாத்தில் சேறு, காற்சட்டையில் சேறு, காதுக்குள்ளும் கொஞ்சம் சேறு. அந்தக் கோலத்தில் கராஜில் பழைய துவாய் ஒன்றை விரித்து, இரட்டைக் குழலைக் கழற்றி வைத்து, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பைத் துடைப்பேன். பிறகு உலர்ந்த துணியால் ஈரத்தை எடுக்க வேண்டும். குழலுக்குள் கம்பி விட வேண்டும். கடைசியாக எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக. அது முடியும்வரை எனக்குத் தேத்தண்ணீர்கூட இறங்காது.

மனைவி கராஜ் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

"பிள்ளை பெத்தவளுக்குக்கூட இவ்வளவு பணிவிடை நடந்திருக்காது."

"உப்பப்பா. விட்டால் இருந்த இடத்திலயே தின்னத் தொடங்கிடும்."

"அது தின்னட்டும். நீங்கள் வந்து சாப்பிடுங்கோ."

பத்திரத்தில் அந்தத் துவக்கு என்னுடையது. என் மனதில் அது இன்னும் இன்னொருவருடையதுதான். அவர் ஒரு மால்டாக்காரர். நானும் அவரும் மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் நெடுங்காலம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், நான் பெட்டி அடுக்குவேன். அவர்தான் என்னை முதன்முதலில் சதுப்புக்குக் கூட்டிப்போனவர். அன்று நான் சுட்டதில் வானத்துக்கு மட்டும்தான் காயம். அவர் சிரித்த சிரிப்பில் மிச்ச வாத்துகளும் பறந்துவிட்டன.

பிறகு அவருக்குக் கண் பழுதாகத் தொடங்கியது. ஓரம் தெரியும், நடு தெரியாது. என்னைப் பார்த்தால் இரண்டு காதும் தெரியுமாம், முகம் இருக்கிற இடத்தில் ஒரு மங்கலாம். "நட்டமில்லை," என்பார். லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார். தகப்பன் வழி வந்த துவக்கை வீட்டில் வைத்திருக்க முடியாது. மருமகன் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கொடுக்காமல், முறைப்படி கடை மூலமாக என் பெயருக்கு மாற்றிவிட்டார்.

அவர் பேசுவது மால்டா மணக்கும் ஆங்கிலம். என் நினைவில் அது எப்போதும் எங்கள் தமிழிலேயே ஓடும், அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் உன்னட்டத் தாறன் தெரியுமே? மருமகன் தைரியசாலி. ஈரத் துவக்கை உறையோட கார் டிக்கிக்குள்ள போட்டுட்டு மறந்துபோய்த் திரிவான். நீ பயந்தாங்கொள்ளி. பயப்பிடுறவன்தான் துடைப்பான்."

"இது பாராட்டே?"

"இல்லை. ஆனா ஒண்டு. கறள் பிடிச்சுதெண்டால் துவக்கு அவனுக்குப் போகும். சொல்லிப்போட்டன்."

கறள் என்பது துரு. அன்றிலிருந்து அந்தச் சொல் என் வயிற்றுக்குள் குடிவந்துவிட்டது. துவக்குப் பெட்டகத்துக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அடுக்கினேன். விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறதென்று யாரோ சொன்னதால், கையுறை போட்டுத்தான் தொட்டேன். பொயிண்ட் குக் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் அவ்வளவு தூரமில்லை. தென்காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவேன். "கடல் வந்து பெட்டகத்தைத் திறக்கப்போகுதே?" என்று மனைவி கேட்டாள். திறக்காது என்று உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் அவள் வளர்ந்த வளவுக்குள் துவக்கு வந்த நாள் எதுவும் நல்ல நாளாக முடிந்ததில்லை. பெட்டகத்தைச் சுவரில் பூட்டி இறுக்கியபோது அவள் ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனமும் குங்குமச் சிமிழும் கையில் இருந்தன. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வரும் எதற்கும் அவள் பொட்டு வைப்பாள். காருக்கு வைத்தாள், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு வைத்தாள், சோறு அவிக்கும் குக்கருக்கும் வைத்தாள். "பிடியுங்கோ," என்றாள். தோட்டா இல்லாமல் மடித்துத் திறந்த துவக்கை நான் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி நின்றேன். மோதிர விரலால் குழலின் அடியில் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டாள்.

"சரி. இனி இதுவும் வீட்டுச் சாமான்," என்றாள்.

அவள் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்தேன். பார்த்ததாக நினைத்தேன். அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு சட்டம் எழுதப்பட்டுவிட்டது: இந்தப் பொட்டில் கை வைக்கக் கூடாது. யாரும் எழுதச் சொல்லவில்லை. நானே எழுதி நானே கையெழுத்திட்டேன்.

வேட்டைக் காலம் தொடங்கியது. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, பழைய பொட்டு உதிர்ந்த இடத்தில் பயணத்துக்கென்று அவள் புதிதாக ஒன்று வைத்தாள், ஈரமாக, தாராளமாக. விடியும்போது நான் சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். கடலிலிருந்து காற்று உப்பை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தது. உதட்டை நக்கினால் ஊறுகாய். ஒரு வாத்து என் மேல் இரக்கப்பட்டு விழுந்தது. வீட்டுக்கு வந்து வழக்கமான பூசையைத் தொடங்கினேன். துணி குழல் நெடுக ஓடி வந்து, பொட்டுக்குக் கிட்ட வந்ததும் ரவுண்டபவுட்டில் கார் திரும்புவதுபோல மரியாதையாகச் சுற்றிப் போனது. எண்ணெயும் அப்படியே. ஓர் அங்குலம் விடாமல் காத்துவிட்டேன் என்ற திருப்தியோடு பெட்டகத்தைப் பூட்டினேன்.

சில நாட்களில் மால்டாக் கிழவர் தொலைபேசினார். "ஞாயிறு மத்தியானம் மகள் கொண்டுவந்து விடுவாள். வாத்துக்கறி இருக்கோ?"

"இருக்கு."

"துவக்கையும் எடுத்து வை. ஒருக்காத் தடவிப் பாக்கோணும்."

சனிக்கிழமை பின்னேரம் பெருமையோடு பெட்டகத்தைத் திறந்தேன். குழல் கருநீலமாக மினுங்கியது. பொட்டு மட்டும் கொஞ்சம் அகன்றிருந்தது. குங்குமம் வழிந்திருக்கிறது, ஈரக் காற்றல்லவா என்று நினைத்தேன். சந்தனத்தின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினேன். சந்தனம் பொருக்காகக் கழன்று விழுந்தது. சிவப்பு விழவில்லை. துணியால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைக்கப் போய், எச்சிலிலும் உப்பு இருக்குமே என்று பாதியில் நிறுத்தினேன். அது குங்குமமில்லை. நான் இவ்வளவு நாளும் பயபக்தியோடு சுற்றிப்போன இடத்தில், சந்தனத்துக்குள் உப்புத் தண்ணீர் ஊறி, ஒரு டொலர் நாணயக் குற்றியளவுக்குக் கறள் வளர்ந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு நிதானமான மனிதன் என்ன செய்வான்? தெரியாது, அப்படி யாரும் அங்கே இருக்கவில்லை. நான் யூடியூப்பைத் திறந்தேன். தாடி வைத்த ஒருவர் வினாகிரியில் ஊறவைக்கச் சொன்னார். தாடி வைக்காத ஒருவர் வினாகிரி தொட்டால் துவக்குச் செத்தது என்றார். தாடிக்காரர் சொன்னதே கேட்க இனிமையாக இருந்தது. வினாகிரி என்றால் புளிப்பு. புளிப்பு என்றால் பழப்புளி. எங்கள் வீட்டில் குத்துவிளக்கும் தாம்பாளமும் அதில்தானே பளிச்சென்று ஆகின்றன? குசினிக்குள் பாய்ந்தேன்.

நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"உதென்ன, புளியே?"

"கறை போகுது. பாரும்."

"அது குத்துவிளக்கே? பித்தளைக்குத்தான் புளி. என்ர இரும்புத் தாச்சியில நீங்கள் ஒருக்காப் புளிக்குழம்பு வைச்சு, அதின்ர கறுப்பெல்லாம் உரிஞ்சு வந்தது மறந்துபோச்சே?"

மறந்துதான் போயிருந்தேன். துணியைப் பார்த்தேன், அது கறுத்திருந்தது. துவக்கைப் பார்த்தேன். கறள் பெரும்பாலும் போயிருந்தது. அதோடு குழலின் கருநீலப் பூச்சும் போய், அந்த இடத்தில் ஒரு வெள்ளி வட்டம் பளிச்சென்று சிரித்தது. நடுவில் ஊசி குத்தியதுபோல் சில பள்ளங்கள்.

"அது நான் பொட்டு வைச்ச இடமெல்லே?" என்றாள்.

"இல்லை, கொஞ்சம் தள்ளி..."

"என்னப்பா நீங்கள். வேட்டைக்குப் போய் வந்த உடன துடைச்சிருக்கலாமே?"

"பொட்டை எப்பிடித் துடைக்கிறது?"

"துணியாலதான்! கார்ப் பொட்டை மழை கழுவிக்கொண்டு போகேல்லையே? நான் அழுதனானே? வைக்கிறதுதான் என்ர வேலை. பிறகு அது என்ன ஆகுதெண்டு ஆர் பாக்கிறது?"

நான் கராஜில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பொட்டு அவளுக்குத் தேவை, அது அழிந்தால் அவள் கலங்கிப்போவாள் என்று நான் யாரிடமும் கேட்காமலே முடிவு செய்திருந்தேன். அவள் வைத்த கையோடு மறந்துவிட்டாள். ஒவ்வொரு முறை பெட்டகத்தைத் திறக்கும்போதும் முதலில் அந்தச் சிவப்பைத் தேடியது என் கண்தான். ஊரில் சோதனைச் சாவடிகளில், சைக்கிளை உருட்டியபடி, என் நெஞ்சின் உயரத்தில் துவக்குகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவற்றில் ஒன்றுக்கும் யாரும் பொட்டு வைத்திருக்கவில்லை. பொட்டு இருந்தால் அது வேறு சாதித் துவக்கு, குக்கரின் தம்பி. அதனால்தான் என் துணி சுற்றிப் போயிருக்கிறது.

இந்த ஞானம் ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. நாளைக்குக் கிழவர் வருகிறார். மேசை லாச்சிக்குள் கிடந்த கறுப்பு மார்க்கர்ப் பேனாவை எடுத்து வெள்ளி வட்டத்துக்கு நிறம் தீட்டினேன். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. அவருக்கோ நடுப்பார்வை இல்லை. இப்படி யோசித்ததை இங்கே எழுதும்போதும் காது சுடுகிறது.

ஞாயிறு வந்தார். வாத்துக்கறியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். கை கழுவி, துடைத்து, "கொண்டு வா," என்றார். மடியில் வைத்தேன். அவர் விரல்கள் மரப்பிடியிலிருந்து தொடங்கி ஊர்ந்து வந்தன. குழலின் அடியில் நின்றன. முன்னுக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி நின்றன. குனிந்து மணந்தார்.

"ஏன் என்ர துவக்கு மத்தியானச் சாப்பாடு மாதிரி மணக்குது?"

எண்ணெய்த் துணியைக் கேட்டு வாங்கி அந்த இடத்தைத் தேய்த்தார். எண்ணெயில் மார்க்கர் கரைந்து அவர் பெருவிரல் கறுத்தது. விரலைக் கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பெயின்ற் அடிச்சனியோ?"

"பேனா," என்றேன். பிறகு சந்தனம், உப்பு, புளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"உன்னட்ட ஏன் தந்தனான்?"

"பயந்தாங்கொள்ளி எண்டு."

"ஓம். கறளுக்குப் பயப்பிடுவாய் எண்டு. எனக்குப் பயப்பிடுறவன் என்ர துவக்குக்கு நிறம் அடிப்பான். அதுக்கு மருமகனே போதும்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை, அதுவே என் வாழ்க்கையில் பெரிய செய்தி. அவர் துணியால் குழலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மனைவி தட்டுகளை எடுக்க வந்தவள் நின்றாள். "மருமகனிட்டக் குடுக்கப் போறியளோ?" என்று நேராகவே கேட்டாள்.

"உனக்கு நல்லதுதானே? வீட்டில துவக்கு இருக்கிறது உனக்குப் பிடிக்காதெண்டு இவன் சொன்னவன்."

"பிடிக்காதுதான். ஆனால் நான் பொட்டு வைச்சாச்சு."

"அதனால?"

"வீட்டுச் சாமானை நாங்கள் வெளியில குடுக்கிறேல்லை. பழுதாப்போன குக்கரே இன்னும் கிடக்கு. கராஜில போய்ப் பாருங்கோ."

கிழவர் அவள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கு அவளுடைய காதுத் தோடு மட்டும் தெரிந்திருக்கும்.

"அடுத்த முறை பொட்டை மரத்தில வை," என்றார் கடைசியில். "இரும்பில வேண்டாம். மரம் தாங்கும்."

மகள் வந்து கூட்டிப்போகும்வரை துவக்கை அவர் என்னிடம் தரவில்லை. போகும்போது என் கையில் வைத்தார். என்னோடு பேச்சு மட்டும் இல்லை.

வெள்ளி வட்டம் இன்னும் இருக்கிறது. பூச்சைச் சரிசெய்யக் கடையில் கொடுக்கலாம், நான் கொடுக்கவில்லை. இப்போது துணி சுற்றிப் போவதில்லை, முதலில் அங்கேதான் போகிறது. கிழவர் ஒரு கிழமை கழித்து, வாத்து கொஞ்சம் உறைப்பு என்று சொல்வதற்கென்றே தொலைபேசினார். அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அடுத்த பயணத்துக்கு முதல் நாள் மனைவி கிண்ணத்தோடு வந்தாள். மரப்பிடியில் பொட்டு வைத்தாள். விரலில் மிச்சம் இருந்ததை என் நெற்றியில் தீற்றினாள்.

"எனக்குக் கறள் பிடிக்கும்," என்றேன்.

"பிடிச்சால் குசினிக்குள்ள புளி இருக்கு," என்றாள்.