குங்கிலியம் பூசிய பேஸ் கிட்டாரை வாங்க லைட்ஹவுஸ் குப்பம் போன கதை

பழைய பேஸ் கிட்டார் வாங்கலாமா என்று கேட்டு மூன்று பேர் இந்த வலைப்பூவுக்கு எழுதியிருந்தார்கள். மூவருக்கும் பதில் போட்டேன். அதில் ஒருவர், ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்காமல் வாங்குகிறவன் முட்டாள் என்று எனக்கே பாடம் எடுத்தார். அப்படி வாங்கியவன்தான் நான். எங்கே போனேன், எப்படிப் போனேன், எதைக் கேட்டு வாங்கினேன் என்று முழுதாக எழுதிவிடுகிறேன். பழவேற்காடு போக நினைப்பவர்களுக்கு வழியும் தெரிந்ததாக இருக்கும்.

1982ஆம் வருடம், பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பகலில் வண்ணாரப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மாலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பேன். யாரிடமும் படித்ததில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுக்கு அடியில் ஓடுவதை மட்டும் பிரித்துக் கேட்டுக் கேட்டு வந்த வாசிப்பு. நோட்டேஷன் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதைச் சொல்லிக்காட்டாத ஆள் குழுவில் கிடையாது.

குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் ஒருநாள் என்னிடம், "வாடகை பேஸை வெச்சிக்கினு எத்தினி நாள் ஓட்டுவ? பொங்கலுக்குள்ள சொந்தமா ஒண்ணு வாங்கு. லாரன்ஸ் பார்த்து சரின்னு சொல்லணும். இல்லன்னா நோட்டேஷன் படிக்கிற ஆளு ஒருத்தர் காத்துக்கினு கீறாரு" என்றார். லாரன்ஸ் எங்கள் லீட் கிட்டார்காரன். இசைத் தேர்வெழுதிப் பாஸ் செய்தவன். நல்லவன்தான். ஆனால் அவன் தலையசைத்தால்தான் எனக்கு மேடை என்பது எனக்கு அன்றே கசந்தது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கோவிந்தம்மா என்றொருவரிடம் ஒரு பேஸ் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கோவிந்தம்மாவின் தம்பி சென்னையில் ஓட்டல் பாண்டில் வாசித்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது விற்றுவிடச் சொல்லி அக்காவிடம் விட்டுப் போனாராம்.

லாரன்ஸையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். காலை 6.10க்கு சென்ட்ரலில் ரயில். பொன்னேரி சுமார் 35 கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு, 7.25க்கு இறங்கினோம். அங்கிருந்து பழவேற்காடு பஸ், ஏறக்குறைய 18 கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய். திருப்பாலைவனத்தில் நாற்றுக்கட்டோடு ஒரு கூட்டம் ஏறியதில் இருபது நிமிடம் தாமதம். 8.50க்குப் பழவேற்காடு. கடைவீதியில் ஒரு பாய் கடையில் டீயும் பொறையும், இருவருக்கும் சேர்த்து அறுபது காசு. இப்போது குப்பத்துக்குப் பாலம் இருக்கிறது. அன்று படகில்தான் ஏரியைக் கடக்க வேண்டும், ஆளுக்கு இருபத்தைந்து காசு. கால்மணி நேரம் ஆனது. லாரன்ஸ் வெள்ளை பேண்ட் போட்டு வந்திருந்தான். படகுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்து, "கலியாணத்துக்கா நைனா? பொண்ணு அந்தாண்டையா?" என்று கேட்டார். கரையிலிருந்து மணலில் அரைமணி நடை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவிந்தம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, உள்ளேயிருந்து பாய்மரத் துணியில் சுற்றிய பேஸை எடுத்துவந்தார். அறுபதுகளின் பாணியில் செய்தது. வயலினைப் பெரிதாக்கியது போன்ற உடம்பு, உள்ளே வெறும் கூடு, நான்கு தடித்த கம்பிகள். அசல் இல்லை, ஜப்பானில் செய்த நகல். துணியைப் பிரித்ததும் மீன் எண்ணெய் வாடை அடித்தது. லாரன்ஸ் அதைத் திருப்பி முன்பக்கத்தை எனக்குக் காட்டினான்.

வயலினில் இருப்பதுபோல இதிலும் மேல் பலகையில் வளைந்த துளைகள் இரண்டு இருக்க வேண்டும். இரண்டும் அடைக்கப்பட்டிருந்தன. பஞ்சும் குங்கிலியமும் வைத்து, படகின் பலகை இடுக்கை அடைப்பதைப் போலவே இழைத்து, வழித்து, மேலே எண்ணெய் பூசியிருந்தது. வேலை அத்தனை சுத்தம்.

செய்தவர் கோவிந்தம்மாவின் கணவர் தேசப்பன். கொஞ்ச தூரத்தில் கவிழ்த்துப் போட்ட தன் படகுக்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"இன்னாங்க பண்ணி வெச்சிக்கிறீங்க?" என்று லாரன்ஸ் கேட்டான்.

"உப்புக் காத்து உள்ள பூந்துனா மரம் உளுத்துப்பூடும் இல்ல? மச்சான் சாமான். பத்திரமா இருக்கட்டுமேன்னு அடச்சேன்."

"அது சத்தம் வர்றதுக்கு விட்ட ஓட்டைங்க."

"ஓட்டைன்னா அடைக்கணும்னுதான் எங்களுக்குத் தெரியும். அடைக்காம உட்டவன் எவனும் கரைக்கு வந்தது கெடயாது" என்றார் தேசப்பன்.

லாரன்ஸ் சிரித்துவிட்டான். கோவிந்தம்மாவின் முகம் மாறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறர் சிரிப்புக்கு ஆளாகி நின்று பழகியவனுக்கு அது வராது.

லாரன்ஸ் என்னைத் தனியே கூட்டிப்போனான். "வேணாம் ஆறுமுகம். கழுத்து லேசா வளைஞ்சிருக்கு. நகல். ஓட்டையை நோண்டினா பலகை பேந்துடும். மாட்டிக் கேக்க ஆம்பும் இல்ல. சும்மா குடுத்தாலும் வேணாம்."

அவன் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. வாடகைக்கு எடுத்த பேஸும் இதே ஜாதி, துளை திறந்தது. கொருக்குப்பேட்டைக் கச்சேரியில் சத்தத்தைக் கூட்டியதும் ஸ்பீக்கரின் ஒலி அந்தத் துளை வழியே கூட்டுக்குள் புகுந்து, பேஸ் தானாக ஊளையிட ஆரம்பித்தது. மாஸ்டர் மேடையிலேயே என்னைத் திட்டினார். இடைவேளையில் கைக்குட்டையை இரண்டாகக் கிழித்துத் துளைகளில் திணித்தேன். ஊளை நின்றது. எப்படி நின்றது என்று சொன்னேன், ஒருவரும் காது கொடுக்கவில்லை. நான் கைக்குட்டையால் செய்ததை இந்த மனிதர் ஆயுசுக்கும் நிற்கும்படி குங்கிலியத்தால் செய்துவைத்திருந்தார்.

"கேட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

"கரண்ட் இல்லாம பேஸை எப்படிடா கேப்ப?"

என்னிடம் என்றைக்கு ஆம்ப்ளிஃபயர் இருந்தது? வீட்டில் பேஸின் தலையை மர பீரோவில் அழுத்திக்கொண்டுதான் பழகுவேன். அதிர்வு மரத்துக்குள் இறங்கினால் பீரோவே பேசும். இங்கே அதைவிடப் பெரிய மரம் கவிழ்ந்து கிடந்தது. மணலில் உட்கார்ந்து, பேஸின் தலையைப் படகுப் பலகையில் அழுத்தி, தடித்த கம்பியை இழுத்துவிட்டேன். படகு முழுதும் முனகியது. வலை பிரித்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

தேசப்பன் மறுபக்கம் போய் மண்டியிட்டு, பலகையில் காதை ஒட்டவைத்தார். "வாசி நைனா" என்றார்.

லாரன்ஸ், "இவர் இன்னாத்தடா கேக்கறாரு?" என்றான்.

"உங்கூரு ஆளுக்கு இன்னா தெரியும்?" என்றார் கோவிந்தம்மா. "ஏரில துடுப்பைத் தண்ணில உட்டு, மேல் நுனில காதை வெப்பாரு. அடியில கத்தாளை மீனு கத்துறது கேக்கும். எந்தப் பக்கம் கூட்டம் கீதுன்னு சொல்லுவாரு. அப்பாலதான் வலை."

ஒவ்வொரு கம்பியாக, கழுத்தில் விரல் வைக்கும் ஒவ்வொரு கட்டையாக வாசித்தேன். மெல்லிய கம்பிக்கு வந்து ஆறாவது கட்டையைத் தாண்டியதும் தேசப்பன் கையை உயர்த்தினார். "அந்த எடம். திரும்ப வாசி." வாசித்தேன். "மத்ததெல்லாம் நிக்கிது. இது மட்டும் பொறந்த ஒடனே செத்துப்பூடுது."

லாரன்ஸ் பலகையில் காதை வைத்தான். நான்கு முறை வாசிக்கச் சொன்னான். "ஆமாண்டா" என்றான். எனக்கும் அது முதலில் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கவனம் ஊளையிலேயே இருந்துவிட்டது.

"போதுமா? இப்பவாவது வா, போலாம்" என்றான் லாரன்ஸ்.

"ஒரு எடம் செத்துக்கீது. அம்பது கொறச்சிக்கோ நைனா" என்றார் தேசப்பன்.

"உன்னை ஆரு கேட்டா? போய் படகை அட" என்றார் கோவிந்தம்மா. ஆனால் அந்த ஐம்பதைக் குறைத்துக்கொண்டார். அறுநூற்றைம்பது கேட்டவர் அறுநூறுக்கு வந்தார்.

அந்த மணலில் நான் முடிவு செய்ய வேண்டியது இதுதான். வாங்கினால் லாரன்ஸின் பேச்சை மீறியவன். மாஸ்டரிடம் என் இடம் போகும். வாங்காவிட்டால் நான்கு நாளில் வேறு பேஸ் கிடைக்காது, அப்போதும் இடம் போகும். லாரன்ஸ் ஒரு வழி சொன்னான்: "நான் மாஸ்டர்கிட்ட பேசறேன். வாடகையிலேயே ஒரு மாசம் ஓட்டு. அப்பறம் நல்லதா பாத்துக்கலாம்." அவன் பேசினால் மாஸ்டர் கேட்பார். எனக்காக இன்னொருவன் பேச வேண்டிய நிலையில்தான் நான் இன்னும் ஒரு மாதம் இருப்பேன், அதற்குப் பிறகும் இருப்பேன்.

செத்த இடத்து சுரம் அடுத்த தடித்த கம்பியில் ஐந்து கட்டை மேலே உயிரோடு இருந்தது. அங்கே போய் வாசித்துக் காட்டினேன்.

"படிச்சவன் எவனும் அந்த எடத்துல வாசிக்க மாட்டான்" என்றான் லாரன்ஸ்.

"நான் படிக்கல" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கோவிந்தம்மாவின் கையில் கொடுத்தேன்.

குழம்பும் வறுவலும் போட்டுச் சோறு கொடுத்தார்கள். லாரன்ஸும் நன்றாகச் சாப்பிட்டான். பழவேற்காட்டில் 3.15 பஸ். நடத்துனர் பாய்மரத் துணி மூட்டையைப் பார்த்து, "இன்னாய்யா இது, ஆளா சாமானா? ஆளுன்னா டிக்கெட் எடு, சாமானுன்னா கூரை மேல போடு" என்றார். டிக்கெட்டே எடுத்தேன், இன்னொரு ஒன்றேகால் ரூபாய். லாரன்ஸ் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து வந்தான்.

மறுநாள் மாலை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். லாரன்ஸ் நடந்ததை உள்ளது உள்ளபடி சொன்னான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மாஸ்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார்.

"கேட்டுப் பாருங்க" என்றேன்.

"கேக்கவே வேணாம். பாத்தாலே தெரியுது" என்றார். என் நாற்காலியில் அந்த இன்னொருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

இனி உங்களுக்கு. பழவேற்காட்டுக்கு பஸ் நேரங்களைப் பொன்னேரியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் குப்பத்துக்குப் போய்விடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். பழைய பேஸ் பார்க்கப் போனால் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக வாசியுங்கள், செத்த இடம் எப்படியும் ஒன்றிருக்கும். அந்த சுரத்துக்கு உங்களிடம் வேறு இடம் உண்டா என்று பாருங்கள். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆம்ப் இல்லையென்றால் ஒரு கதவு போதும். விஷயம் தெரிந்தவரைக் கூட்டிப்போவது நல்லது, அவர் சொல்கிற குறைகளையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். லாரன்ஸ் சொன்ன குறை ஒவ்வொன்றும் உண்மை. அவன் சொன்ன முடிவு தவறு.

நான்கு மாதம் கழித்து தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண பாண்டில் சேர்ந்து பதினோரு வருடம் வாசித்தேன். ஒரு மேடையிலும் அந்த பேஸ் ஊளையிடவில்லை. இதை நான் சொன்னதும் சிலர், கடைசியில் நல்லபடியாக முடிந்ததால்தானே பேசுகிறீர்கள் என்கிறார்கள். இல்லை. அந்தப் பொங்கலுக்கு எனக்கு மேடை இல்லை, கையில் காசு இல்லை, இனி எந்தக் குழுவாவது கூப்பிடுமா என்றும் தெரியாது. பீரோவில் பேஸின் தலையை அழுத்தி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அதை வாங்கியது சரிதான்.