குழி விளிம்பில் ஒரு காய்

கேரம் பலகையின் நடுவில் ஸ்ட்ரைக்கரைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு விரலை எடுக்கிறார் ராஜப்பன். அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் தரை காயல் தண்ணீர்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்பது அவர் கட்சி. உருண்டால் பலகை வைத்த ஸ்டூலின் காலுக்கடியில் அட்டையை மடித்து வைப்பார். உருளாவிட்டால் இன்னும் மோசம். யாரோ முன்பே அட்டை வைத்திருக்கிறார்கள் என்று குனிந்து தேடுவார்.

"எந்தாடா, புழு கிட்டிச்சா?" என்று கேட்பார் எதிரே உட்கார்ந்திருக்கும் வெங்கிட்டு.

கேலிக்குக் காரணம் உண்டு. மாநகராட்சியில் கொசு மருந்து அடிக்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் ராஜப்பன். "இங்க ஒண்ணும் இல்ல சேட்டா" என்று வீட்டுக்காரர் சொல்லும் தொட்டியில்தான் முதலில் டார்ச் அடிப்பார். பெரும்பாலும் கொசுப்புழு நெளியும். இப்படிப் பலன் தந்துகொண்டே இருக்கும் சந்தேகத்தை விட்டுவிட யாருக்கு மனம் வரும்? பஸ்ஸில் காலியாகக் கிடக்கும் இருக்கையைத் தடவிப் பார்க்காமல் உட்கார மாட்டார். டாக்டர் சிரித்தால் வியாதி பெரிது என்று முடிவு கட்டிவிடுவார். மீன்கறி ருசியாக அமைந்த நாளில் மனைவி இருளாயியிடம், "ஆரு வர்றா இன்னிக்கு?" என்பார்.

ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சோறூட்டி வளர்த்தவர் வெங்கிட்டுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு ஒரே சந்தில் பிறந்த பிள்ளைகள் இருவரும். முதல் புகார் பரமபத காலத்தது. பாம்பு கொத்திய காயை வெங்கிட்டு கையால் மறைத்து மேலேயே வைத்துக்கொண்டாராம். தாயம் ஆடிய நாட்களில் சோழிகளுக்குள் மெழுகு அடைத்திருக்கிறதா என்று ராஜப்பன் முகர்ந்து பார்த்தார். செஸ் ஆடும்போது வெங்கிட்டு தும்மினால் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்க மாட்டார். சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் ஆளுக்குத் தும்மல் வராதா என்று யாராவது கேட்டால், "அவனுக்கு வேணுங்கிறப்ப வரும்" என்பது பதில்.

கடைசியில் நிலைத்தது கேரம். ஜெயித்தது பெரும்பாலும் வெங்கிட்டு. தோற்ற நாளெல்லாம் "கள்ளன்" என்று சொல்லிவிட்டுப் போவார் ராஜப்பன். மறுநாள் சாயங்காலம் வெங்கிட்டு வீட்டு முன்னறையில் அதே நாற்காலியில் இருப்பார்.

போன ஓணத்துக்குப் பிறகு விபரீதம் தொடங்கியது. ராஜப்பன் ஜெயிக்க ஆரம்பித்தார். கண்ணில் புரை விழுந்து, ஒரு குழி இரண்டாகத் தெரிகிற மனிதர் ஜெயிப்பதா? சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு அவன் விட்டுத் தாரான்" என்றார் இருளாயியிடம். "பாவம் பாக்கான்."

"ஜெயிச்சாலும் தூக்கம் வராதா உங்களுக்கு?" என்றாள் அவள்.

ஏமாற்றி ஜெயிப்பவனை அரை நூற்றாண்டு பொறுத்தவருக்கு, ஏமாற்றித் தோற்பவனைப் பொறுக்க முடியவில்லை. முன்னவன் நம்மை எதிராளி என்றாவது மதிக்கிறான். வெங்கிட்டு விட்டுத்தான் கொடுக்கிறார் என்று உறுதியானால் இனி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார் ராஜப்பன்.

பொறி எளிமையானது. ஒரு சாயங்காலம் தாமே தோற்கும்படி ஆடினார். வெங்கிட்டுவின் கடைசிக் காயைத் தம் ஸ்ட்ரைக்கரால் தட்டித் தட்டிக் குழி விளிம்புக்கே கொண்டு போய் நிறுத்தினார். ஊதினால் விழும். வெங்கிட்டு குனிந்தார், சுண்டினார். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் வேறு மூலைக்குப் போய் முட்டியது.

"விட்டுட்டே! வேணும்னே விட்டுட்டே!" ராஜப்பன் எழுந்து நின்றார். "அம்மிணி, வந்து பாரு உன் வீட்டுக்காரன் பண்ணுன வேலைய!"

"மெல்லப் பேசுங்க அண்ணே, அடுத்த வீட்டுல அடிபிடின்னு நெனைப்பாங்க" என்றது உள்ளேயிருந்து வெங்கிட்டுவின் மனைவி செல்வலட்சுமியின் குரல்.

வெங்கிட்டு சிரித்தார். "ஆமாடா, விட்டுத்தான் தந்தேன். குருட்டுப்பய, ஒரு நாளாவது சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும்னு."

ராஜப்பன் வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். மற்றக் கால் நுழையவில்லை. பரமபதத்துப் பாம்பையே இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஆள் வெங்கிட்டு. கேட்டவுடன் ஒப்புக்கொள்கிறான் என்றால் அதற்குப் பின்னால் வேறு எதையோ மறைக்கிறான்.

திரும்பிப் பார்த்தார். வெங்கிட்டு ஆட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். காய்களை விரலால் எடுக்கவில்லை. உள்ளங்கையால் குழிகளுக்குள் ஒதுக்கினார். நடுவில் ஒரு காய் தப்பி நின்றது. அதை எடுக்கப் போன வலது கை விரல்கள் நடுங்கின. காய் நழுவியது, மறுபடியும் நழுவியது. அவர் அந்தக் கையை மடிக்கு இழுத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஓணத்திலிருந்தே இப்படித்தானா என்று ராஜப்பன் கணக்குப் போட்டார். செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கள்ளன்! நாளைக்கும் இப்படி விட்டுத் தந்தே, பலகையத் தூக்கிக் காயல்ல போடுவேன்."

"போடு, போடு. காயல் எங்க இருக்குன்னு உன் கண்ணுக்குத் தெரியணுமே முதல்ல!"

செல்வலட்சுமி இரண்டு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் விளிம்புவரை. "ஆறட்டும்" என்று வெங்கிட்டு தம் கிளாஸைத் தொடாமல் இருந்தார். ராஜப்பன் இரண்டு கிளாஸுக்கும் நேராகக் கண்ணைக் கொண்டுபோய் அளந்தார்.

"இவனுக்குக் கூடுதல்" என்றார்.

தம்முடையதைச் சுடச்சுட நாலு வாய் குடித்து இடம் பண்ணினார். வெங்கிட்டுவின் கிளாஸிலிருந்து பாதியை அதில் ஊற்றிக்கொண்டார். மீதிப் பாதியை, எதிரே உட்கார்ந்திருந்தவரின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.