முழுதாகச் சுற்றாத தீவு

அலாவுதீன் பாய் போய்விட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னபோது, நான் பாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சைகோன் நகரின் தாவோ தியென் பகுதியில் உள்ள எங்கள் சின்ன அலுவலகத்தில், ஒரு பயணி அனுப்பிய புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த நேரம்.

காரைக்கால் பாயும் காரைக்குடி நானும் கூட்டாளிகள். சைகோன் வரும் சுற்றுலாக்காரர்களை, ‘தான் ஆன்’ என்னும் தீவுக்கு அழைத்துப்போய், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் சுற்றிக் காட்டுவது எங்கள் தொழில். ‘தீவை முழுதாகச் சுற்றலாம்’ என்றுதான் விளம்பரம். பாய் முன்படகில் போன ஒரு நாளும் முழுதாகச் சுற்றியதில்லை. அவரோடு துடுப்புப் போட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அலையே இல்லை. பாதி வழியில் அந்த அம்மாள் தோளை லேசாகத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான், பாய் எல்லாப் படகுகளையும் திருப்பிவிட்டார். “எனக்கு ஒண்ணுமில்லைங்க” என்று அந்த அம்மாள் கெஞ்சியும் கேட்கவில்லை. கரையில் அவர் கணவர் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது.

“என்ன பாய், தோளைத் தடவுனதுக்கெல்லாமா திரும்புறது?”

“வலிச்சா யாரும் வாயத் தொறந்து சொல்லமாட்டாங்க, செட்டியாரே. ரோஷம். நாமதான் பாத்துத் திரும்பணும். தீவு எங்கயும் ஓடிடாது.”

அப்படிச் சொன்ன மனிதர் தன் நெஞ்சுவலியை மட்டும் வாயு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

“இஞ்சிச்சாறு கேட்டாஹ, போட்டுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவமான்னேன், காலைல பாத்துக்கலாம்னுட்டாஹ” என்று அழுதார் அவர் மனைவி.

எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. யார் யாருக்காகவோ படகைத் திருப்பியவர் தனக்காக ஒரு வாடகைக் கார் பிடிக்கவில்லை. இந்தக் கோபத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

அடக்கம் முடிந்த மறுவாரம், ஏற்கெனவே பதிவு செய்திருந்த குழுவை நானே அழைத்துப்போனேன். வானம் தெளிவு. வந்தவர்கள் எல்லோரும் இளவட்டம். எங்கள் தொழிலில் முதன்முறையாகத் தீவை முழுதாகச் சுற்றினோம். கரையேறியதும் அவர்கள் கைதட்டினார்கள்.

தீவின் பின்புறம் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, யாராவது தோளைத் தடவுகிறார்களா என்று பயந்துகொண்டே நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது. என்னைத் தைரியசாலி என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை காலமும் என் பங்குப் பயத்தையும் சேர்த்துப் பாய்தான் பட்டிருக்கிறார். எனக்கென்று அவர் விட்டுப்போனது அதுதான்.