பழைய கோப்புகளை அழித்த செவ்வாய்க்கிழமை

ஆரோக்கியஜோசப் பிரான்சுக்குக் கிளம்பிய அன்று அந்தக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். "நன்றாக ஓடுகிறது. எதையும் தொட வேண்டாம்." மங்கையர்க்கரசி எட்டு வருடம் எதையும் தொடவில்லை.

காரைக்கால் பாரதியார் சாலையில் அலாவுதீனின் எலெக்ட்ரிகல் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் அவர் நடத்தும் இரத்த தானக் குழுவின் அலுவலகம். மருத்துவமனைகளிலிருந்து ஃபோன் வரும். இரத்த வகையைத் தட்டினால், ஜோசப் எழுதிய நிரல் அந்த வகைக்காரர்களின் பெயர், ஊர், எண், கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி எல்லாவற்றையும் திரையில் காட்டும். மங்கை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பட்டியலில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

மங்கைக்குச் சொந்த ஊர் போலகம். வயது முப்பத்தொன்பது. கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பிசிஏ முடித்தார். பிரவுசிங் சென்டர், டிடிபி கடை, ஒரு பள்ளி அலுவலகம் என்று எங்கே போனாலும் கிடைத்தது டைப் அடிக்கும் வேலைதான். மெஷின் நின்றுவிட்டால் வெளியிலிருந்து யாராவது வருவார்கள். மங்கை நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார். ஆனால் நிற்கும்போது கண் திரையில்தான் இருக்கும். வந்தவர் எதைத் தட்டினார், அதற்கு என்ன வந்தது என்பதெல்லாம் மனசில் ஏறிவிடும். இரவல் வாங்கிய பழைய லேப்டாப்பில் அதை வீட்டில் செய்துபார்ப்பார். இது யாருக்கும் தெரியாது.

2024 மே மாதத்தில், ஊரில் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டருக்குள் வெளியாள் புகுந்து அதிலிருந்த ஃபோன் எண்களை எல்லாம் எடுத்துப் போய்விட்டதாக அலாவுதீனின் காதுக்கு எட்டியது. அவர் மாடியேறி வந்தார்.

"தங்கச்சி, நம்ம மெஷின் பத்திரமாத்தானே இருக்கு? இத்தன பேரு நம்பர், பிளட் குரூப்பு, எல்லாம் நம்மள நம்பிக் குடுத்தது."

மங்கை பொய் சொல்ல விரும்பவில்லை. "இல்ல பாய். இந்த வெர்ஷனுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வர்றது நின்னு நாலு வருசமாச்சு."

"அப்ப ஆளக் கூப்புடட்டுமா?"

"நானே பண்றேன்" என்று மங்கையின் வாயிலிருந்து வந்துவிட்டது.

வேலை சின்னதல்ல. ஜோசப் அதில் போட்டிருந்தது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்துப் போடாமல், மூலநிரலை இறக்கி, தன் தேவைக்கு மாற்றி, அந்த மெஷினிலேயே முழுசாகக் கட்டியிருந்தார். புதுப்பிப்பதும் அதே வழியில்தான் முடியும். மங்கை லேப்டாப்பில் மூன்று வாரம் பழகினார். நான்கு முறை கெடுத்தார். ஐந்தாவது முறை சரியாக வந்தது. பிறகு அறைக்கு வந்து, முழு வட்டையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைப் போலகத்தில் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் தொடங்கிய கட்டுமானம் ஞாயிறு சாயங்காலம்தான் முடிந்தது. திங்கள்கிழமை புதிய இயங்குதளத்தைப் பதிந்து, மெஷினை அணைத்து மறுபடி எழுப்பினார். வந்த முதல் வரியைப் பார்த்ததும் "வந்துடுச்சு பாய்!" என்று மாடியிலிருந்து கத்தியது கடையில் பல்பு வாங்க வந்தவருக்கும் கேட்டது. ஜோசப்பின் நிரலும் பழையபடி ஓடியது.

மிச்சமிருந்தது துப்புரவு மட்டும். புதிய இயங்குதளம் பதிந்த பிறகும், இனி தேவைப்படாத பழைய கோப்புகள் வட்டில் அப்படியே கிடக்கும். வெளியாள் புகுந்துவிடக்கூடிய பழைய ஓட்டைகளும் அவற்றோடு கிடக்கும். அழிக்க இரண்டு கட்டளைகள் உண்டு. செவ்வாய்க்கிழமை காலை மங்கை முதல் கட்டளையைக் கொடுத்தார். அது ஒவ்வொரு கோப்பாகப் பெயரைச் சொல்லி, அழிக்கட்டுமா என்று கேட்டது. முந்நூற்றுச் சொச்சம் தடவை. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் 'ஆம்' என்று அழுத்தினார்.

இரண்டாவது கட்டளை பழைய நூலகக் கோப்புகளுக்கு. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துண்டுகள் அவை. இவற்றை எந்த நிரலும் இன்னும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொள், இல்லாவிட்டால் அந்த நிரல் எழும்பாது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. மங்கை உறுதி செய்துகொண்டார். பதிந்திருந்த நிரல்களின் பட்டியலை எடுத்து, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியிருந்தார். ஒன்றுகூட விடவில்லை. 'ஆம்' என்றார்.

விட்டது ஒன்றுதான். ஜோசப் கையால் எழுதி, தனி ஃபோல்டரில் வைத்திருந்த அந்த நிரல் பட்டியலில் சேராதது. பட்டியலில் இல்லாததைப் பட்டியல் எப்படிச் சொல்லும்?

பன்னிரண்டு பத்துக்கு ஃபோன் வந்தது.

"பெரியாஸ்பத்திரிலேருந்து ரஃபீக் பேசறேங்க. தங்கச்சிக்கு டெலிவரி. ரத்தம் நிறையப் போயிட்டு இருக்கு. ஓ நெகடிவ். இங்க ஒரு யூனிட்டுதான் இருக்காம். இன்னும் ரெண்டு வேணும்ங்கறாங்க."

"லைன்லயே இருங்க" என்று மங்கை நிரலைத் திறந்தார். திறக்கவில்லை. இன்ன நூலகம் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. மறுபடி தட்டினார். அதே வரி.

"பத்து நிமிசம் குடுங்க, நானே கூப்புடறேன்" என்று வைத்துவிட்டார். நகல் டிஸ்க் போலகத்தில். ஸ்கூட்டியில் போய்வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஓ நெகடிவ் ஆட்களில் நினைவிலிருந்த மூன்று பேரைத் தன் ஃபோனிலிருந்து கூப்பிட்டார். ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாமவர், வரிச்சிக்குடி சுவாமிநாதன், "வயல்ல நிக்கிறேம்மா, கால் கழுவிட்டு வண்டிய எடுக்கறேன்" என்றார். ஒரு யூனிட் ஆயிற்று. இன்னொன்று?

அப்போதுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. செத்தது நிரல்தானே, விவரங்கள் எங்கே போயிருக்கும்? ஜோசப்பின் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தார். பெரிய கோப்பு ஒன்று இருந்தது. பயந்துகொண்டே திறந்தார். உள்ளே புரியாத எதுவும் இல்லை. வெறும் எழுத்து. ஒரு ஆளுக்கு ஒரு வரி: பெயர், ஊர், எண், வகை, தேதி. எட்டு வருடமாக ஏதோ பெரிய ரகசியம் என்று அவர் ஒதுங்கி நின்றது, யாரும் படிக்கக்கூடிய ஒரு பட்டியல்.

நிரல் தேடுவது போலவே 'O-' என்று தேடிப் பார்த்தார். ஏற்கெனவே கூப்பிட்ட மூன்று பேரும், கொடுத்து மூன்று மாதம் ஆகாத சிலரும்தான் வந்தார்கள். கோப்பைக் கண்ணால் கீழே ஓட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் ஓரிடத்தில் எழுத்தின் தோரணையே மாறியது. 'O Neg', 'A Pos', 'B Pos' என்று வரி வரியாக இறங்கியது. 2019இல் ஒரு தேவாலய முகாமில் எடுத்த பெயர்கள். வேறு யாரோ டைப் செய்து கொடுத்ததை உள்ளே ஏற்றியவர் மங்கைதான். நிரலுக்கு 'O-' தெரியும், 'O Neg' தெரியாது. அந்தப் பெயர்கள் ஒருநாளும் திரைக்கு வந்ததே இல்லை.

அதை நினைத்து உட்கார நேரமில்லை. 'O Neg' என்று தேடினார். ஒரே ஒரு வரி. லூர்தம்மாள், கருக்களாச்சேரி.

"ஹலோ, லூர்தம்மாளுங்களா? ரத்த தானக் குழுவுலேருந்து பேசறேன்."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "யாரு? ரத்தமா? அடியாத்தீ, இப்பத்தான் கூப்புடுறீங்களா? எழுதிக் குடுத்து அஞ்சு வருசமாவுது!"

"மன்னிச்சுக்குங்க. இப்ப வர முடியுமா? ஒரு பிரசவக் கேஸு."

"மார்க்கெட்லதான் இருக்கேன். மீனு பாதி கெடக்கு, பக்கத்துக் கடையில சொல்லிட்டு வர்றேன். குளிக்கல்லாம் நேரமில்ல, மேலெல்லாம் மீன் வாடையா இருக்கும். பரவால்லயா?"

"ஒன்னும் பரவாயில்ல, நேரா பெரியாஸ்பத்திரிக்கு வாங்க."

ரஃபீக்கைக் கூப்பிட்டு இரண்டு பேர் வருவதைச் சொல்லிவிட்டு, மங்கை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே போய்விட்டார். லூர்தம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உள்ளே நடந்தார். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. சேற்றுக் காலைக் கழுவியும் கழுவாமலும் சுவாமிநாதன் அவருக்கு முன்னாலேயே வந்து படுத்திருந்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு ரஃபீக் ஃபோன் செய்தார். "பொம்பளப் புள்ளங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நடந்ததை மங்கை அலாவுதீனிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். காலையில் தான் அழித்ததையும் சொன்னார், 2019இல் தான் ஏற்றிய பட்டியலையும் சொன்னார். அதில் இருந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். "அஞ்சு வருசத்துல எத்தன தடவ ஆளு இல்லன்னு சொல்லியிருப்போம் பாய்."

அலாவுதீன், "சரி, அழிச்சத மறுபடி போட்டா பழைய புரோகிராம் ஓடும்ல? நாளைக்கே போட்டுரு" என்றார்.

"ஓடும். ஆனா அந்த லைப்ரரில ஓட்ட இருக்கு. எதுக்காக இத்தனையும் செஞ்சமோ அதுவே வீணாப் போயிடும். எனக்கு ஒரு மாசம் குடுங்க. புதுசா எழுதறேன். அதுவரைக்கும் கோப்பப் பார்த்தே ஆளு தேடிக்கலாம். இன்னைக்கு அப்படித்தானே கெடச்சுது."

"எழுதிடுவியா?"

"எழுதிடுவேன்."

ஜோசப்புக்கு வாட்ஸாப்பில் பேசினார். மூலநிரல் இருந்த லேப்டாப்பை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கதையையும் முழுசாகக் கேட்டார். "தப்பு என்னோடதும்தான் மங்கை. தப்பா டைப் பண்ணா ஏத்துக்காதன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். நான் மட்டுந்தான டைப் பண்ணப்போறேன்னு விட்டுட்டேன்."

"உங்க ஃபைல படிக்க முடிஞ்சதாலதாண்ணே அன்னைக்குத் தப்பிச்சோம்" என்றார் மங்கை.

ஒரு மாசம் என்றது ஏழு வாரமானது. இரத்த வகையை யார் எப்படி எழுதினாலும் புதிய நிரல் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளும். புரியாவிட்டால் உள்ளே விடாமல் திருப்பிக் கேட்கும். பெண்கள் ஒருமுறை கொடுத்தால் நான்கு மாத இடைவெளி வேண்டும், ஆண்களுக்கு மூன்று போதும். பழைய நிரல் எல்லோருக்கும் மூன்று என்றே கணக்கிட்டது. அதையும் திருத்தினார். ஒவ்வொரு பகுதிக்கு மேலேயும் அது என்ன செய்கிறது என்று தமிழில் குறிப்பு எழுதிவைத்தார். கண்ணால் தேடியதும் நிரல் தேடியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பத்து நாள் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஜோசப்பிடம் சொல்லிவிட்டு, அவருடைய பழைய நிரலையும் அழித்தார்.

இதற்கு நடுவே இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டார். தினம் எட்டு, பத்து பேர். பலருடைய எண் மாறியிருந்தது. சிலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். ஒரு வீட்டில் மனைவி எடுத்து, அவர் கொரோனாவில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டு, "என் பேர எழுதிக்குங்களேன்" என்றார். நூற்று இருபத்தாறு பேர் இப்போதும் வருவதாகச் சொன்னார்கள். அவர்களில் பதினேழு பேர் அந்த வருடம் முடிவதற்குள் இரத்தம் கொடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் காலை மாடிப்படியில் ஒரே பேச்சுச் சத்தம். லூர்தம்மாள் மீன் மார்க்கெட்டிலிருந்து ஏழு பெண்களை அழைத்து வந்திருந்தார். எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்திருந்தார்கள். அறையில் இருந்தது இரண்டே நாற்காலி. அலாவுதீன் கடையிலிருந்து ஸ்டூல்களை மேலே தூக்கி வந்தார்.

மங்கை முதல் பெண்ணின் பெயரைக் கேட்டார்.

"ஜெர்லின்" என்றவர் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, ஊசி பெருசா இருக்குமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பெருசுதான்" என்றார் மங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெர்லின் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் ஃபோன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார்.