தங்கச்சி வீட்டுச் சிவப்பு டிரம் செட்

எண்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் விழுப்புரத்தில், ரயில்வே லைனை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பகலில் டயர் ரீட்ரெட் கடையில் வேலை, விசேஷ நாட்களில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே சொல்வதற்கு முன் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை ஜாஸ்தி. ஊரார் மேல் எல்லாம் இல்லை, கூடப் பிறந்த தங்கச்சி மேல்தான்.

அவளைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரரும் டிரம்மர்தான். என் கல்யாணத்தன்று சாயங்காலக் கச்சேரிக்கு வாசிக்க வந்தவரைப் பார்த்து, பையன் லட்சணமாக இருக்கிறானே என்று என் அப்பா விசாரித்து அவளுக்குப் பேசி முடித்துவிட்டார். கச்சேரிக்கு அவரைக் கூப்பிட்டதே என் வீட்டுக்காரர்தான். ஆக, என் வயிற்றெரிச்சலுக்குப் பந்தக்கால் நட்டதும் என் கல்யாணத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி வீட்டுக்காரரிடம் சொந்த டிரம் செட் இருந்தது. ஜிகினா ஒட்டினாற்போல் மினுமினுக்கும் சிவப்பு. ஐந்து டிரம், மூன்று பித்தளைத் தட்டு, காலால் அடிக்கிற பெரிய டிரம்மின் முகத்தில் தங்கப் பெயிண்டில் அவர்கள் குழுவின் பெயர். மேடையில் விளக்குப் போட்டால் பாடுகிறவரை விட்டுவிட்டு ஜனங்கள் அதையே பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் திருவிழாவுக்குக் கச்சேரி பேச வருகிறவர்கள் முதலில் கேட்பதே, சொந்த செட்டா, எத்தனை டிரம் என்றுதான். மேடை நிறைந்து தெரியாவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது. என் அம்மா வேறு, நான் போகும்போதெல்லாம் சின்ன மாப்பிள்ளையின் செட்டைப் பற்றியே பேசுவாள். என் வீட்டுக்காரர் அவரைவிட நன்றாக வாசிப்பார் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வாசிப்பதற்கு அவருக்கென்று ஒரு டிரம் கிடையாது. ஒவ்வொரு கச்சேரிக்கும் பாண்டிச்சேரியிலிருந்து வாடகைக்கு எடுத்து வருவார்.

அந்தப் பங்குனியில் எங்கள் குழுவை நடத்திவந்த ஆர்மோனியக்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார்.

"சித்திரை பொறக்கறதுக்குள்ள சொந்தமா ஒரு செட்டு பாத்துக்கப்பா. வாடகை செட்ட வெச்சிக்கினு இன்னும் எத்தினி நாளைக்குப் பேஜாரு? இல்லன்னா உன் சகலையையே கூப்ட்டுக்கலாம்னு பசங்க சொல்றாங்க."

சகலை என்றால் வேறு யார், என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். ஆர்மோனியக்காரர் போனதும் என் வீட்டுக்காரர் திண்டு தலையணையை மடியில் போட்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அந்த மேடையை விட்டால் அவருக்கு வேறு சந்தோஷம் கிடையாது. அந்த மனுஷன் சிரிப்பதே கச்சேரி முடிந்து வரும்போதுதான். அதை நினைத்து எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். எனக்கோ என் புருஷன் உட்கார்ந்த இடத்தில் தங்கச்சி புருஷன் உட்காரப் போகிறாரே என்றுதான் முதலில் வந்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஓடிக்கொண்டிருந்த ஏலச்சீட்டை, நஷ்டமானாலும் பரவாயில்லை என்று தள்ளி எடுத்தோம். நான் தைத்துச் சேர்த்ததையும் போட்டோம். அதை வைத்துக்கொண்டு மெட்ராஸில் விசாரிக்கப் போனவர், கண்ணாடிக் கதவு போட்ட கடைகளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பி வந்தார். நம் பணத்துக்கு அங்கே தட்டும் அதை மாட்டுகிற கம்பியும்தான் வரும் என்றார். மிச்சம் இருந்த ஒரே வழி திண்டிவனத்தில் பேண்டு வாத்தியம் விற்கும் ஒரு கடை. பள்ளிக்கூடத்து பேண்டுக்கும் கல்யாண பேண்டுக்கும் டிரம் செய்கிற கடை அது. உள்ளூரிலேயே செய்த டிரம் செட்டும் ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். கடைக்காரர் யாருக்குப் பழக்கம்? தங்கச்சி வீட்டுக்காரருக்குத்தான். நானே கூட வந்து முடித்துக் கொடுக்கிறேன் என்று அவரே சொல்லி அனுப்பினார். தன்னிடம் இருப்பது உசத்தி என்று தெரிந்தவர்களுக்கு உதவி செய்வதில் ஒரு குஷி இருக்கும் போலிருக்கிறது என்று நான் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கச்சி வீட்டு முன்னறையில், பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி அந்தச் சிவப்பு செட் உட்கார்ந்திருந்தது. அவள் எங்களுக்கு வடையும் காபியும் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே பெட்ஷீட்டை விலக்கி, பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். கம்பி, தட்டு, திருகாணி ஒன்று விடவில்லை. இன்றைக்கென்று பார்த்து இதைத் துடைக்காவிட்டால் என்ன, நான் பார்க்க வேண்டும் என்றே செய்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடை நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

நாலு பேருமாகக் கடைக்குப் போனோம். எங்கள் பணத்துக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு செட் இருந்தன. ஒன்று சிவப்பு, ஐந்து டிரம். தங்கச்சி வீட்டில் இருப்பதற்குக் கூடப் பிறந்தது போலவே மினுமினுப்பு. இன்னொன்று கறுப்பு, நாலே டிரம், கரி பூசிய அண்டா மாதிரி ஒரு பளபளப்பும் இல்லை. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் யோசிக்கவே இல்லை, சிவப்புதான். மேடையில் அது மின்னுவதையும், தங்கச்சி கீழே உட்கார்ந்து பார்ப்பதையும் அங்கேயே மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வீட்டுக்காரர் கறுப்பைத் தட்டிக் காட்டி, மரம் கனமானது, இதையே எடுங்கள் என்றார். பாருங்கள், தன்னைப் போல் இன்னொருவன் சிவப்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று எப்படிக் கணக்குப் போடுகிறார் மனுஷன் என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரரின் சட்டை முழங்கையைப் பிடித்து இழுத்து, சிவப்பு, சிவப்பு என்று கண்ணைக் காட்டினேன்.

அவர் இரண்டு செட்டையும் ஒருமுறை சுற்றி வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கேட்க வேண்டும் என்றார். வாசிக்கிறவன் காதுக்குப் பக்கத்தில் எந்த டிரம்மும் நன்றாகத்தான் இருக்குமாம். ஜனம் உட்காருகிற தூரத்துக்கு எப்படி வந்து சேருகிறது என்பதுதான் விஷயமாம். சரி, நான் அடிக்கிறேன் என்று தங்கச்சி வீட்டுக்காரர் உடனே குச்சியை எடுத்தார்.

"நீங்க அடிச்சா உங்க கைதான் கேக்கும் சகலை, டிரம்மு கேக்காது" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஒக்காரு."

நான் திகைத்துப்போனேன். பிறந்ததிலிருந்து டிரம் குச்சியைக் கையால் தொட்டதில்லை. கடைக்காரர் சிரித்தார். தங்கச்சி வீட்டுக்காரர், அக்காவுக்கு என்ன தெரியும் என்றார். நானும் வேண்டாங்க என்று பின்னால் நகர்ந்தேன். என் வீட்டுக்காரர் விடவில்லை.

"நாள் பூரா மெஷின் மெதிக்கிற காலு. ஒரே சீரா வரும். ரெண்டு செட்டுலயும் ஒரே மாதிரி அடி, அவ்ளோதான். மிச்சத்த நான் கேட்டுக்கிறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு டீக்கடை ஓரமாக நின்று கையைத் தூக்கினார். மெஷினை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு பெடலை மிதித்தேன், குச்சியால் மாற்றி மாற்றி அடித்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது, கொஞ்ச நேரத்தில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. சிவப்பு செட்டில் அடிக்க அடிக்கக் கம்பியெல்லாம் ஆடியது, பெடல் கிறீச் கிறீச் என்று முனகியது. ஆட்டம் கண்ட மெஷினில் தைத்துப் பார்த்தவள் நான், அது காலுக்கே தெரிந்துவிட்டது. கறுப்பில் உட்கார்ந்ததும் கால் தன் பாட்டுக்கு நடந்தது. நடுவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போக, அதற்கு மேல் கேட்கட்டும் என்று நானாகவே இரண்டு அடி ஓங்கிக்கூட அடித்தேன்.

அவர் ரோட்டைத் தாண்டி வந்து, உனக்கு எப்படி இருந்தது என்று என்னைத்தான் கேட்டார். சிவப்பு ஆடுகிறது என்று என் வாயாலேயே சொன்னேன். அங்கேயும் தகர டப்பா மாதிரிதான் வந்து சேர்ந்தது என்று சொல்லிவிட்டுக் கறுப்புக்குப் பணத்தைக் கொடுத்தார். ஆக, தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னது நியாயமான யோசனைதான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஆண்கள் இரண்டு பேரும் பஸ்ஸின் மேலே ஏறி, சாக்கில் சுற்றிய டிரம்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன டிரம்மை மட்டும் மேலே போட மனசில்லாமல் என் வீட்டுக்காரர் என் மடியில் கொடுத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் என் பக்கத்தில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். கடையை விட்டு வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பு வாங்கவில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்து நானும் பேசவில்லை. திடீரென்று அவளே ஆரம்பித்தாள்.

"கண்ணாலம் ஆன நாளா அந்த செட்டத் தொடச்சிக்கினே கெடக்கிறேன்கா. ஒரு தபா கூட, நீ அடிச்சிப் பாரேன்னு சொன்னதில்ல. தெரியாம வெரல் பட்டாக்கூட கத்துவாரு. மாமா உன்னக் கூப்ட்டு ஒக்கார வெச்சாரே, எனக்கு வயிறு எரிஞ்சிப்போச்சிக்கா."

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கேட்டவுடன் எனக்கு இனித்தது. என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டுவிட்டாள், அதுவும் இவள். அந்த இனிப்போடு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் திருகாணி திருகாணியாகத் துடைத்தது ஞாபகம் வந்தது. எனக்குக் காட்டத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேனே, அது அவள் அந்த செட்டைத் தொடக் கிடைத்த ஒரே சாக்கு.

பையிலிருந்து குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்து, அடிடி என்றேன். அவள் மேலே பஸ்ஸைப் பார்த்தாள். நான் டிரம்மை அவள் பக்கம் நகர்த்தினேன். முதலில் பொட்டு வைப்பது போல் ஒரு தட்டு தட்டினாள். அப்புறம் ஓங்கி ஒன்று, அதற்கு மேல் ஒன்று, வரிசையாகப் பத்துப் பதினைந்து அடி விழுந்திருக்கும். சின்ன வயசில் எங்கள் கொல்லையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை விதைத்திருக்கும்போது, காக்காய் ஓட்ட நாங்கள் இரண்டு பேரும் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு ஓடுவோம். அப்போதெல்லாம் என்னைவிட அவள்தான் நன்றாகத் தட்டுவாள். அதே முகம் இருந்தது அவளுக்கு. சத்தம் கேட்டு அவள் வீட்டுக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கயிற்றை முடிச்சுப் போடத் திரும்பிவிட்டார். அவள் நிறுத்திவிட்டாள்.

"போதும்கா. இன்னும் அடிச்சன்னா வூட்டுக்குப் போவ மனசு வராது."

குச்சியை என் கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கி மூடினாள். பஸ் கிளம்பிவிட்டது. விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் நான் அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் மடியிலிருந்த டிரம்மையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சித்திரையில் திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் கறுப்பு செட் முதல்முதலாக மேடை ஏறியது. நாலுதானா என்று ஆர்மோனியக்காரர் முகத்தைச் சுளித்தார். இரண்டு பாட்டு முடிந்ததும் ஜனத்துக்குப் பின்னால் மைக் செட்காரரிடம் போய் நின்று, காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு திண்டிவனத்துச் சகலையின் பேச்சை அவர் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த மேடையில் இன்னும் பல வருஷம் வாசித்தார்.

தங்கச்சி விழுப்புரம் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் சாக்கை அவிழ்த்துக் கறுப்பு செட்டை மாட்டிக் கொடுப்பார். அவள் அடிப்பாள், நான் பக்கத்தில் மெஷின் மிதிப்பேன். திண்டிவனத்தில் அவள் கடைசிவரை அந்தச் சிவப்பு செட்டைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதை அவள் வீட்டுக்காரர் விற்றபோது, வாங்க வந்தவர்கள், புதுசு மாதிரி இருக்கிறதே என்றார்களாம்.

பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பேரன் பேத்தி எடுத்த இந்த வயசிலும் யாரையாவது பார்த்து வயிறு எரியத்தான் செய்கிறது. அப்போதெல்லாம், என் வீட்டில் எதைப் பார்த்து அவர்களுக்கு எரிகிறதோ என்று ஒரு நிமிஷம் தேடிப் பார்க்கிறேன். அது பெரும்பாலும் நான் ஒருநாளும் தூசு தட்டாத ஒன்றாகத்தான் இருக்கிறது.